‘தானே’ சாய்த்த பலாவில் ஒரு கடைசல் பட்டறை

பலா மரத்தூள் மஞ்சள் நிறம். அன்றைக்குக் கடைந்த தூள் என்றால் அரைத்த மஞ்சளைத் தரையில் கொட்டி வைத்ததுபோல இருக்கும். காடாம்புலியூர் வட்டாரத்தில் ஒரு தலித் குடியிருப்பின் கடைசியில் உள்ள கீற்றுக் கொட்டகைக்குள் அந்த மஞ்சள் கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கிறது. மோட்டார் ஓடத் தொடங்கினால் வாசலில் காய்கிற துணியிலும் படிகிறது. அந்த வீட்டுப் பெண்கள் கொடி கட்டும் இடத்தையே மாற்றிவிட்டார்கள். பர்மாவிலும் இலங்கையிலும் பௌத்தத் துறவிகளின் சீவரத்துக்கு இந்தப் பலா வயிரத்தின் சீவலை வேகவைத்துத்தான் சாயம் எடுத்தார்கள். அயோத்திதாசரைப் படித்த மாணவர் எவராவது இந்தப் பக்கம் வந்தால் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு போகலாம். யாரும் காசு கேட்க மாட்டார்கள்.

கொட்டகைக்காரருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். கஞ்சிராவுக்கு வளையம், உடுக்கை, பருப்பு மத்து, தயிர் மத்து, கட்டில் கால், சப்பாத்திக் கட்டை எல்லாம் கடைகிறார். நல்ல மரம் கிடைத்தால் மிருதங்கக் கட்டையும் கடைவார். பெயரைப் போட வேண்டாம் என்றார். காரணத்தை அன்றைக்குச் சொல்லவில்லை. மூன்றாவது முறை போனபோதுதான் சொன்னார். அதைப் பிறகு எழுதுகிறேன்.

அவரிடம் உள்ள மரத்தில் பெரும்பகுதி விலைக்கு வாங்கியது அல்ல. புயல் கொடுத்தது.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே ‘தானே’ புயல் கரையைக் கடந்தது. இந்த மாவட்டத்தில் அன்றைக்கு விவரம் தெரிந்தவர்களாக இருந்த யாருக்கும் அந்த இரவை விளக்க வேண்டியதில்லை. இப்போது கல்லூரியில் இருக்கும் பிள்ளைகளுக்காக மட்டும் சொல்கிறேன். பண்ருட்டிச் செம்மண் மேட்டில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. தாத்தா வைத்த மரத்தில் பேரன் பழம் பறித்துக்கொண்டிருந்த தோப்புகள் விடிந்தபோது வெட்டவெளியாக இருந்தன. கன்று வைத்தால் சில ஆண்டுகளில் காய்க்கும். ஆனால் உள்ளே வயிரம் பாய்ந்து கட்டைக்கு ஆக வேண்டும் என்றால் ஒரு மனிதனின் பாதி ஆயுள் வேண்டும்.

நிவாரணம் நிலத்தைப் பார்த்து வரும், பட்டாவைப் பார்த்து வரும். முந்திரிக்கொட்டை பொறுக்கியவர்களுக்கும், பலாவை ஏறி இறக்கித் தலையில் சுமந்தவர்களுக்கும், தோப்பில் ஒரு மரம்கூடத் தங்கள் பேரில் இல்லை. அவர்கள் இழந்தது பல ஆண்டுக் கூலி. அதை எழுதிக்கொள்ள எந்தக் கணக்கெடுப்புப் படிவத்திலும் கட்டம் இருப்பதில்லை. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையும், அதையொட்டி 1892-ல் வந்த பஞ்சமி நில உத்தரவும் ஏன் முக்கியம் என்று கேட்கும் மாணவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். நிலம் போன கையிலிருந்து விளைச்சலோடு மரமும் போகிறது. நிழல், பழம், விறகு, உத்தரக்கட்டை, பிள்ளை கல்யாணத்துக்கு வெட்டி விற்க ஒரு பூவரசு, எல்லாமே போகிறது.

தோப்புக்காரர்களுக்கு அப்போது ஒரு அவசரம் இருந்தது. விழுந்த மரத்தை அப்புறப்படுத்தினால்தான் மறுபடி கன்று வைக்க முடியும். ஊரெல்லாம் மரம் விழுந்து கிடக்கும்போது மரத்துக்கு என்ன விலை இருக்கும்? அடிமரத்தை வியாபாரிகள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கிளை விறகாயிற்று. மிஞ்சியது தூர். ஆள் உயரத்துக்கு வேரும் மண்ணுமாக மல்லாந்து கிடந்த அந்தத் தூரைத் தோண்டி எடுப்பதற்குக் கூலி கொடுக்கப் பணமில்லாதவர்கள், தூர் எடுத்தால் தூரை நீயே வைத்துக்கொள் என்றார்கள். நம்ம கதாநாயகர் அப்போது கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். மனைவியும் தம்பியும் சேர்ந்து மாதக்கணக்கில் தூர் எடுத்தார்கள். தெருவில் எல்லோரும் அதை வெட்டி அடுப்பில் வைத்தார்கள், செங்கல் சூளைக்கு விற்றார்கள். இவர் மட்டும் மூன்றில் ஒரு பங்கை வெட்டாமல் வீட்டுக்குப் பின்னால் அடுக்கி, மேலே கீற்றைப் போட்டு வைத்தார். பைத்தியம் பிடித்துவிட்டது என்று மாமியார் சொன்னாராம்.

அவருக்குத் தெரிந்திருந்தது, மற்றவர்களுக்குத் தெரியாதது ஒன்றுதான். பலாவில் வேருக்குப் பக்கத்தில் உள்ள அடிக்கட்டைதான் அதிகக் கெட்டி. இரண்டடி நீளத்துக்கு மேல் வேண்டியிருக்கும் மிருதங்கக் கட்டை பல தூர்களில் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் கஞ்சிராவுக்கு அவ்வளவு எதற்கு? ஏழு முதல் ஒன்பது அங்குலம் குறுக்களவு, இரண்டு முதல் நான்கு அங்குலம் அகலம் இருந்தால் போதும். ஒரு நல்ல தூரில் ஏழெட்டு வளையம் எடுக்கலாம்.

இது அவருக்கு எப்படித் தெரியும் என்றால், பதினைந்து வயதில் பண்ருட்டியில் ஒரு கடைசல் பட்டறையில் தூள் அள்ளும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். பட்டறைக்காரர் ஆசாரி. மரத்தூளை மூட்டை கட்டுவது, டீ வாங்கி வருவது, பெல்ட் அறுந்தால் ஓடிப்போய் வாங்கி வருவது, இதுதான் வேலை. உளியைத் தொட அனுமதி கிடையாது. இரண்டு மூன்று வருடம் அப்படியே போனது. உளி பிடிக்கும் ஆள் திடீரென்று திருப்பூருக்குப் போய்விட்டார். அவசரமாகக் கட்டில் கால் கொடுக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு ஆசாரி தானே கூப்பிட்டு உளியைக் கையில் கொடுத்திருக்கிறார். அதன் பிறகு ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தார் என்று இவர் இன்றைக்கும் நன்றியோடு சொல்கிறார். டீ டம்ளர் மட்டும் கடைசி வரை வேறாகவே இருந்தது என்பதையும் அதே மூச்சில் சொல்கிறார். இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பின்னர் அந்தப் பட்டறை மூடப்பட்டது. பிளாஸ்டிக் மத்தும் இரும்புக் கட்டிலும் வந்து கடைசல்காரர்களின் பாதி வேலையைத் தின்றுவிட்டன. இவர் மண்வெட்டிக்குத் திரும்பினார். உளி பிடித்த கை இருபது வருடம் சும்மா இருந்தது.

மரம் பேசும், கேட்க வேண்டும்

இப்போது கொட்டகையில் இருக்கும் லேத் கடையில் வாங்கியது அல்ல. இரண்டு புளிய மரச் சட்டங்களைத் தண்டவாளம் போலப் படுக்க வைத்து, ஒரு முனையில் பழைய மாவு மில் மோட்டார், பெல்ட், புல்லி. மறுமுனையில் கட்டையைக் குத்திப் பிடிக்கும் கூர்முனை. நடுவில் உளி தாங்குவதற்கு ஒரு இரும்புச் சட்டம். அவ்வளவுதான். மோட்டார் வருவதற்கு முன் கடைசலில் ஒருவர் கயிற்றை மாற்றி மாற்றி இழுக்க, மற்றவர் உளி பிடிப்பார். கயிறு இழுக்கிற பையனுக்கு உளி கிடைக்காத கதை அந்தக் காலத்திலேயே இருந்திருக்கும்.

வேலை கடைசலில் தொடங்குவதில்லை, மரத்தைப் பார்ப்பதில் தொடங்குகிறது. புயலில் விழுந்த மரத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. கோடாலியால் வெட்டிய மரம் ஓரிடத்தில்தான் காயப்பட்டிருக்கும். காற்று முறுக்கிச் சாய்த்த மரத்துக்குள் எங்கே வெடிப்பு இருக்கிறது என்று வெளியே தெரியாது. சுத்தியலால் தட்டிக்கொண்டே போகிறார். கணீரென்று வந்தால் சரி. எங்காவது ஒரு இடத்தில் சத்தம் செத்துப்போனால் அங்கே சாக்பீஸால் கோடு போட்டுவிடுவார். அந்தக் கோட்டைத் தாண்டி அறுப்பதில்லை. சுழலும்போது அந்த வெடிப்பு விரிந்தால் துண்டு முகத்துக்குத்தான் வரும்.

அறுத்த துண்டின் இரண்டு முகத்திலும் உடனே பழைய பெயின்டோ மெழுகோ பூசிவிட வேண்டும். மரத்தின் ஈரம் பக்கவாட்டில் மெதுவாகவும், அறுத்த முகத்தின் வழியே வேகமாகவும் வெளியேறும். முகம் முதலில் காய்ந்து சுருங்கினால் உள்பக்கம் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் சக்கரத்தின் ஆரக்கால்போல விரிசல் விடும். மரத்தின் நட்டநடுப் பகுதியை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்து துண்டு எடுப்பதும் இதற்காகத்தான். வெளிப்புற வெள்ளையையும் கழித்துவிடுவார். கரையானும் வண்டும் வெள்ளையைத்தான் தேடி வரும், வயிரத்தை எளிதில் தொடாது. பன்னிரண்டு பதின்மூன்று வருடம் கொட்டகையின் பின்னால் கிடந்த தூரை அறுத்தபோது, வெளியே விரலளவுக்கு உளுத்துப்போய், உள்ளே எலுமிச்சை நிறத்தில் மரம் புதிதாக இருந்ததை நானே பார்த்தேன். வெயில் பட்டால் அந்த நிறம் சில மாதத்தில் தேன்போலப் பழுத்துவிடும்.

பச்சை மரம் கிடைத்தால் வேறு முறை. ஈரத்தோடே லேத்தில் ஏற்றி, சுவரைக் கனமாக விட்டு உள்ளே குடைந்து, தூளுக்குள்ளேயே புதைத்து வைத்துவிடுகிறார். பல மாதம் கழித்து எடுத்தால் வட்டமாக வைத்தது முட்டை வடிவமாகக் கோணிக்கொண்டிருக்கும். கனமாக விட்டது அதற்காகத்தான். மறுபடி ஏற்றிக் கடைந்தால் வட்டம் நேராகிவிடும். அதற்குப் பிறகு அது கோணாது. அவசரக்காரனுக்குக் கடைசல் ஆகாது என்று அவர் சொல்வதன் பொருள் இது.

கடைகிறபோது அவர் கண் உளியின் நுனியில் இருப்பதில்லை. காது வேலை செய்கிறது. அரைவட்ட உளியின் அடிப்பக்கம் முதலில் சுழலும் மரத்தின் மேல் வழுக்கிக்கொண்டு உட்கார வேண்டும். பிறகு பிடியை மெல்லத் தூக்கினால் கூர் மரத்துக்குள் இறங்கும். சரியாக இறங்கினால் நாடா நாடாகச் சீவல் பறக்கும், தூளாகக் கொட்டினால் உளி மழுங்கிவிட்டது என்று பொருள். சுவர் மெலிய மெலியச் சத்தம் மாறும். கஞ்சிரா வளையத்தை அளவுகோல் வைத்துச் சரிபார்ப்பதற்கு முன்பே சத்தத்தை வைத்துப் போதும் என்று நிறுத்திவிடுகிறார். காலிப்பரை வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்டச் சரியாகவே இருக்கிறது.

ஆபத்தும் சொல்ல வேண்டும். துண்டு, லுங்கி, தொளதொளச் சட்டைக்கை எதுவும் லேத் பக்கம் ஆகாது. ஒரு நொடியில் சுருட்டி இழுத்துவிடும். பெரிய கட்டையை ஏற்றினால் வேகம் குறைவாக இருக்க வேண்டும், முதலில் சுவிட்சைப் போடும்போது நேர் எதிரே நிற்கக் கூடாது. இவருக்கு இடது கைச் சுண்டுவிரல் நுனி கிடையாது. முகக்கவசம் கொரோனா வந்தபோதுதான் பழக்கமாயிற்று, இப்போது விடுவதில்லை. முன்பெல்லாம் இரவில் இருமினால் மஞ்சளாக வருமாம்.

தோலுக்கு ஒரு கை, மரத்துக்கு ஒரு கை

மிருதங்கத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் பெரிதாகப் பேசப்படாமலே இருந்த ஒரு செய்தியை டி.எம். கிருஷ்ணா 2020-ல் ‘செபாஸ்டியன் அண்டு சன்ஸ்’ என்ற ஆங்கில நூலாக எழுதினார். அது தமிழிலும் வந்திருக்கிறது. பசு, ஆடு, எருமை ஆகியவற்றின் தோல் இல்லாமல் மிருதங்கம் இல்லை. அந்தத் தோலைத் தேர்ந்தெடுத்து, பதப்படுத்தி, மூட்டு முடைந்து, வார் பிடித்து, கிட்டான் கல் பொடியையும் சோற்றையும் பிசைந்து கரணை வைத்து, சுருதி சேர்த்துக் கொடுக்கிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். தஞ்சாவூரில் செவித்தியான் என்கிற செபாஸ்டியன் வழிவந்தவர்கள் அதில் பேர்பெற்றவர்கள். பாலக்காடு மணி ஐயருக்குச் செய்துகொடுத்த பர்லாந்து அந்தக் குடும்பத்துக்காரர். வித்வானின் பெயர் தெரிந்த அளவுக்கு அவர் பெயர் தெரியாமல் போனது தற்செயல் அல்ல. அந்த நூலை வெளியிடுவதற்கு முதலில் அரங்கம் தருவதாக இருந்த கலாக்ஷேத்ரா, கடைசி நேரத்தில் அனுமதியைத் திரும்பப் பெற்றதும், சென்னையில் ஆசிய இதழியல் கல்லூரியில் விழா நடந்ததும் அப்போதைய செய்தித்தாள்களில் வந்த விஷயம்தான்.

அந்த மிருதங்கத்தின் உடம்பு பலா. பண்ருட்டிப் பலாவுக்கு அதில் தனி மதிப்பு. கோயில் அருகே நின்று மணியோசை கேட்டு வளர்ந்த மரத்துக்குத்தான் நாதம் அதிகம் என்று ஒரு பேச்சு வெகுகாலமாக இருக்கிறது. இதைச் சொன்னதும் நம்ம கடைசல்காரர் சிரித்தார். தான் கடைந்த கட்டைகளிலேயே நன்றாகப் பேசிய ஒன்று சுடுகாட்டு ஓரத்தில் நின்ற மரத்திலிருந்து வந்தது என்றார். அது கேட்டு வளர்ந்தது பறையோசை.

இப்போது அவர் பெயர் வேண்டாம் என்றதற்கான காரணத்தைச் சொல்கிறேன். அவர் கடைந்த வளையங்களையும் கட்டைகளையும் வெளியூர் வியாபாரி ஒருவர் வாங்கிப்போகிறார். பல வருடப் பழக்கம், கணக்கில் நாணயமானவர். கடைசல் என்றாலே ஆசாரி வேலை என்று அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார். எந்தத் தெரு என்று இதுவரை கேட்டதில்லை. பேப்பரில் பெயரும் ஊரும் வந்தால் கேட்காமலே தெரிந்துவிடும். தெரிந்தால் ஒன்றும் ஆகாமல்கூட இருக்கலாம். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்கிற வசதி தனக்கு இல்லை என்கிறார்.

இதில் உள்ள விபரீதத்தை யோசித்துப் பாருங்கள். அதே கட்டை தஞ்சாவூருக்கோ சென்னைக்கோ போய்த் தோல் ஏறுகிறபோது அதைத் தொடுவது தலித் கைதான். அதை எல்லோரும் அறிவார்கள், அதில் யாருக்கும் தயக்கம் இல்லை. செத்த மாட்டின் தோல் என்றால் அந்தக் கை இயல்பாகத் தெரிகிறது. மரம் என்றதும் அதே கையை மறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சாதி என்பது வேலையை மட்டும் பங்கு போடவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே மேலும் கீழுமாக அடுக்கி வைத்திருக்கிறது என்ற பொருளில் அம்பேத்கர் 1936-ல் வாதிட்டார். அதற்கு விளக்கவுரை தேடும் மாணவர் ஒரு மிருதங்கத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டால் போதும்.

பறைக்கு இந்தச் சிக்கல் குறைவு. பெரும்பாலும் வேப்பமரத் துண்டுகளை வளைவாகச் செதுக்கி இணைத்த சட்டம், அதன்மேல் தோல். இரண்டையும் ஒரே தெருவில் செய்துகொள்கிறார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தச் செய்தி வந்த வாரத்தில் இந்தக் கொட்டகைக்கு இளைஞர்கள் சிலர் வந்து, பறைக்குச் சட்டம் கடைய முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய வளையத்தை இந்த லேத்தில் ஏற்ற முடியாது என்று அனுப்பிவிட்டார். அனுப்பியதில் அவருக்கு வருத்தம்தான்.

மகன் ஏன் வரவில்லை

அவருடைய மகன் ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவர். இரண்டு வருடப் படிப்பு. இரும்பைக் கடைவதும் மரத்தைக் கடைவதும் உளியிலும் வேகத்திலும்தான் வேறுபடும். சுழலும் பொருளும் நிற்கும் கருவியும் என்ற அடிப்படை ஒன்றேதான். ஆனால் மகன் ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. அப்பாவின் லேத்துக்கு வருவதாக இல்லை. அப்பாவும் கூப்பிடுவதாக இல்லை.

இதைக் கேட்டவுடன் ‘அரிய கைத்தொழில் அழிகிறதே’ என்று எழுதிவிடுவது சுலபம். அப்படி எழுத எனக்கு மனமில்லை. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்து, மறு ஆண்டே காமராஜர் ஆட்சியில் அதைக் கைவிட வைத்த மாநிலம் இது. மத்திய அரசு 2023-ல் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தை, குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் காட்டித் தமிழக அரசு ஏற்க மறுத்ததும், அதற்குப் பதிலாகக் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்ததும் அந்த நினைவில் இருந்து வந்ததுதான். இதில் மர வேலை உள்பட 25 தொழில்கள் இருக்கின்றன. 35 வயது நிறைந்தவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் மானியம் 25 சதவீதம், அதிகபட்சம் 50 ஆயிரம். குடும்பத் தொழிலாக இருக்க வேண்டியதில்லை. தலித் தொழில்முனைவோருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. இரண்டுக்கும் போக வேண்டிய இடம் கடலூரில் உள்ள மாவட்டத் தொழில் மையம்.

கடைசல்காரர் போனார். படிவம் வாங்கினார், மகள் நிரப்பிக் கொடுத்தாள். ஒரு வங்கியில் தொழில் நடக்கும் இடத்துக்கு ஆவணம் கேட்டார்கள். கொட்டகை நிற்பது புறம்போக்கு. நாற்பது வருடமாகக் குடியிருக்கிறார்கள், மனைப்பட்டா இன்னும் வரவில்லை. மனைப்பட்டா கேட்டு அவர் கொடுத்த மனுக்களின் நகல்கள் ஒரு துணிப்பைக்குள் இருக்கின்றன. அந்தப் பைதான் அவர் காட்டிய ஒரே ஆவணம். 1892-க்குப் போய்த்தான் இந்தப் பத்தியும் முட்டிக்கொண்டு நிற்கிறது.

மரத்துக்கும் இதே கதைதான். புயல் மரம் தீரப்போகிறது. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலைக்காகச் சாலையோரப் புளிய மரங்கள் வெட்டப்பட்டபோது இவரும் கேட்டுப்பார்த்தார். மத்துக்கும் கறிவெட்டும் கட்டைக்கும் புளியைப்போல மரம் கிடையாது. ஆனால் பொது இடத்து மரம் என்றால் ஏலம், ஏலம் என்றால் மொத்தமாக, அதற்கு முன்பணம் வேறு. இரண்டு தூர் மட்டும் வேண்டும் என்கிறவருக்கு அந்த வரிசையில் இடமில்லை. மொத்த மரமும் செங்கல் சூளைக்கும் விறகுக்கும் போவதைச் சாலையோரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார். புறம்போக்கு மரத்தின் பலனை ஏழைகள் அனுபவிப்பதற்கு 2சி பட்டா என்று ஒன்று இருப்பது நம் கிராமங்களில் பலருக்குத் தெரியாது. அது நிற்கிற மரத்தின் காயையும் இலையையும் பற்றியது. விழுந்த மரத்தைப் பற்றி ஏழைக்குச் சாதகமாக ஒரு ஏற்பாடு வேண்டும். சாலை மரம், ஏரிக்கரை மரம், புயல் மரம் ஆகியவற்றில் தூரையும் துண்டுக் கட்டைகளையும் தனியாகப் பிரித்து, கைவினைஞர்களுக்கும் சுய உதவிக் குழுக்களுக்கும் சிறு சிறு பங்காக நிர்ணய விலையில் கொடுக்க ஊராட்சியோ நெடுஞ்சாலைத் துறையோ மனது வைத்தால் முடியும். கஜா புயல் 2018 நவம்பர் 16-ல் புதுக்கோட்டைப் பக்கம் ஆலங்குடி, வடகாடு பலாவைச் சாய்த்தபோதும் இதைச் செய்திருக்கலாம். அடுத்த புயலுக்கு முன்பாவது செய்யலாம்.

மகன் வராத கொட்டகைக்கு மகள் வருகிறாள். பிளஸ் டூ முடித்துவிட்டு விருத்தாசலத்தில் கல்லூரிக்குப் போகிறாள். விடுமுறை நாளில் மத்துக்குக் கைப்பிடி கடைவாள், உப்புத்தாள் போடுவாள். வங்கித் தேர்வு எழுதப்போவதாகச் சொல்கிறாள். லேத் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். பிடித்திருக்கிறது, ஆனால் அதற்காக இதையே செய்வேன் என்று அர்த்தம் இல்லை என்ற பொருளில் பதில் சொன்னாள். அப்பா உளியைச் சாணை பிடித்துக்கொண்டே தலையை ஆட்டினார். அவளுக்கு அவர் முதல் நாளிலேயே உளியைக் கொடுத்துவிட்டார். தூள் அள்ளச் சொல்லவே இல்லை.

அவள் ஆரம்பித்த பழக்கம் ஒன்று அந்தக் கொட்டகையில் இருக்கிறது. கட்டை முடிந்ததும் உள்பக்கச் சுவரில் பென்சிலால் ஏதாவது எழுதிவிடுவாள். மரம் நின்ற இடம், விழுந்த நாள், கடைந்து முடித்த மாதம். ஊர்ப்பெயரோ ஆள்பெயரோ எழுதுவதில்லை. ‘ஏரிக்கரை மேட்டுப் பலா, தானே’ என்று இருக்கும். தோல் ஏறிவிட்டால் அது யார் கண்ணுக்கும் தெரியாது. வாசிக்கிற வித்வானுக்கும் தெரியாது. மூட்டைப் பிரித்துத் தோல் மாற்றுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

போன மார்கழிக்கு முன்னால் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து ஒரு போன் வந்தது. மிருதங்கத்துக்குத் தோல் மாற்றுகிறவர். வியாபாரியிடம் எப்படியோ நம்பரை வாங்கியிருக்கிறார். உள்ளே எழுதியிருப்பதைப் படித்துக் காட்டி, இதே மரத்தில் இன்னொரு கட்டை கிடைக்குமா என்று கேட்டார். இரண்டு பேரும் வெகுநேரம் மரத்தைப் பற்றிப் பேசினார்கள். எந்தத் தெரு என்று அவரும் கேட்டார். இவர் சொன்னார். நானும் அப்படித்தான் என்றாராம்.

அந்த மரத்தில் இனி கட்டை இல்லை. கஞ்சிராவுக்கு ஆகிற அளவில் ஒரே ஒரு துண்டு தூர் கொட்டகையின் மூலையில் சாக்குப் பையால் மூடி இருக்கிறது.